பதினோராம் பக்கத்தின் கடைசிப் பத்தி

"ஞாயிறு. விடிந்ததிலிருந்து மழை. பக்கம் 11, கடைசிப் பத்தி நீக்கம். பதினாறில் அடங்கியது. திருப்தி."

என் பழைய நாட்குறிப்பில் உள்ள பதிவு இது. நீல மை, என் கையெழுத்து, சந்தேகமில்லை. எந்த ஆண்டு என்று மட்டும் இங்கே எழுதப் போவதில்லை. தேதிப் பைத்தியம் என்று என்னைக் கேலி செய்யும் நண்பர்களுக்கு இது வியப்பாக இருக்கும். ஆனால் ஆண்டைச் சொன்னால் எங்கள் மலையூரான தானா ராத்தாவில் மிச்சமிருக்கும் பழைய ஆட்கள் விரல் விட்டு எண்ணி ஆளைப் பிடித்துவிடுவார்கள். அதே காரணத்துக்காகப் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். கிழமைகள் சரியானவை. மழையும் சரி.

இந்தப் பக்கத்தைத் தேடி எடுக்க வைத்தது கைப்பேசியில் வந்த ஒரு செய்தி. எங்கள் தமிழ்ப்பள்ளிப் பழைய மாணவர் குழுவில் தினமும் காலை வணக்கமும் சாமிப் படமும் வரும். போன வாரம் யாரோ ஒருவர் நீளமாக ஒன்றை அனுப்பியிருந்தார். மேற்கத்திய மோகத்தால் நம் பெண்கள் கெட்டுப்போகிறார்கள் என்ற வகை. இப்படிப்பட்டவற்றை நான் பெரும்பாலும் தள்ளிவிட்டுப் போய்விடுவேன். மூன்றாவது பத்தியில் விரல் நின்றுவிட்டது. "மேற்கு நம் பெண்களுக்குச் சுதந்திரம் தந்தது என்கிறார்கள். மலைச்சரிவுக்கு வந்து பாருங்கள். அந்தச் சுதந்திரத்தை அவள் முதுகில் கூடையாகச் சுமந்துகொண்டிருக்கிறாள்."

அது நான் எழுதிய வாக்கியம். அடுத்ததும் என்னுடையது. அதற்கடுத்ததில் ஓர் இறைவசனம் இருந்தது. அதை எடுத்துவிட்டு அங்கே "நம் பண்பாடு" என்று யாரோ போட்டிருந்தார்கள். முஸ்லிம்களுக்காக எழுதப்பட்டது எத்தனை கை மாறியோ இப்போது இந்துக்களின் குழுவில் எங்கள் பெருமையாக வந்து நிற்கிறது. கீழே பத்துப் பதினைந்து பேர் கைகூப்பியிருந்தார்கள்.

அந்த நேரத்தில் பக்கத்து அறையில் மருமகள் நகத்துக்குப் பூச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த நெடி கதவிடுக்கு வழியாக வந்தது. அந்த நெடி எனக்கு நகத்தை நினைவுபடுத்தாது, சைக்ளோஸ்டைல் தாளைத்தான் நினைவுபடுத்தும். இதை அவளிடம் சொன்னால் சிரிப்பாள்.

அப்போது நான் பிரிஞ்சாங்குக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் சின்னக் கிராணி, அதாவது இளநிலை எழுத்தர். பெரிய கிராணி துரையோடு ஆங்கிலத்தில் பேசுவார், எழுதுவார். தொழிலாளருக்குத் தமிழில் போக வேண்டிய அறிவிப்புகள் என் பொறுப்பு. மருந்து தெளிக்கும் நாளில் பிள்ளைகளை மலைக்குக் கூட்டி வராதீர்கள், தீபாவளிக்கு இத்தனை நாள் விடுமுறை என்கிற மாதிரி. தமிழ்த் தட்டச்சு எங்களிடம் இல்லை. மெழுகு பூசிய தாளில் எழுத்தாணியால் கீறி எழுதி, உருளையில் மாட்டிச் சுற்றினால் பிரதிகள் விழும். கீறும்போது பிழை வந்தால் ஒரு சின்னக் குப்பியிலிருந்து சிவப்பு வார்னிஷைத் தொட்டு அதன்மேல் தடவி, ஊதிக் காயவைத்து, மறுபடி எழுத வேண்டும். அந்த வார்னிஷின் நெடியும் நகப்பூச்சின் நெடியும் ஒன்றே. எனக்கு அது பிடித்த நெடியாக இருந்தது. அதிகம் பிழை விடாதவன் என்ற பெயர் எனக்கு உண்டு. ஆனாலும் தினமும் ஒரு தடவையாவது குப்பியைத் திறந்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சொந்தத் தாள் கொண்டுவந்தால் இயந்திரத்தைப் பயன்படுத்திக்கொள்ளப் பெரிய கிராணி அனுமதித்திருந்தார். அவரும் என் தமிழுக்கு ஒரு ரசிகர். இதை நானே சொல்லிக்கொள்வது சரியில்லைதான். ஆனால் இந்தக் கதையில் என் தமிழுக்கு ஒரு பங்கு இருக்கிறது.

தானா ராத்தா பெரிய சாலையில் யூசுப் நானாவின் துணிக்கடை இருந்தது. எங்கள் லயத்துப் பெண்கள், அதாவது தோட்டத்து வரிசை வீட்டுப் பெண்கள், தீபாவளிச் சேலையும் குளிருக்குக் கம்பளியும் எடுப்பது அங்கேதான். நானா நன்றாக மலாய் பேசுவார், ஆனால் அதை எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாது. தமிழ் வாசிப்பார், அதுவும் விரலை வைத்து மெதுவாக. அச்சில் வந்ததன்மேல் அவருக்கு இருந்த மரியாதை எனக்குக்கூட இருந்ததில்லை. செய்தித்தாளில் துணி மடித்துக் கொடுக்க மாட்டார். அவருடைய மூத்த மகள் ஹமீதா பள்ளியின் இறுதி வகுப்பான ஐந்தாம் படிவம் முடித்துவிட்டுக் கடையில் துணி அளந்துகொண்டிருந்தாள். ஈப்போவில் தாதியர் பயிற்சிக்கு அவளுக்கு இடம் கிடைத்துக் கடிதம் வந்தபோது, நானா அதைக் கண்ணாடி உறையில் போட்டுக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டினார். என் அம்மாவிடமும் காட்டியிருக்கிறார்.

"எங்க வீட்ல ஒரு மிஸ்ஸி வரப்போவுது. இனிமே ஊசிக்கு லைன்ல நிக்க வேணாம்லா, நேரா நம்ம வூட்டுக்கு வாங்க."

இந்த ஊரில் தாதியைக் கிழவிகூட மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவாள்.

அந்தக் கடையின் மாடியில்தான் சனிக்கிழமைதோறும், உஸ்தாஸ் என்று எல்லோரும் அழைத்த ஆசிரியர் மார்க்க வகுப்பு எடுத்தார். தமிழ் முஸ்லிம், அரசாங்கப் பள்ளி ஆசிரியர், முப்பது வயதுகூட இருக்காது. இங்கிலாந்தில் பொறியியல் படிக்கப் போனவர். போகும்போது சாதாரணப் பையனாகப் போய், திரும்பும்போது தாடியும் புத்தகப் பெட்டியுமாக வந்தவர். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. எங்கள் மலையில் புத்தகம் பற்றிப் பேச ஆள் கிடைப்பது அபூர்வம். கீழே தேநீர்க் கடையில் மணிக்கணக்காகப் பேசியிருக்கிறோம். வெள்ளைக்காரன் போனதை வைத்து அவர் ஒன்று சொன்னார், அன்றே குறித்து வைத்தேன்.

"அவங்க கொடி எறங்கிடுச்சு. கண்ண மட்டும் இங்கயே விட்டுட்டுப் போயிட்டாங்க. நாம அந்தக் கண்ணாலதான் நம்மளப் பாக்குறோம். நம்ம பொம்பளைங்களையும்."

பெண்ணை வீட்டைவிட்டு வெளியே இழுத்து, முதலில் மலிவான கூலியாக்கி, பிறகு விளம்பரப் பலகையில் நிறுத்தி, அதற்கு விடுதலை என்று பெயர் வைத்தது மேற்கு என்பது அவர் வாதம். குடும்பம் என்ற கோட்டை உடைந்தால் சமுதாயம் மிஞ்சாது, அந்தக் கோட்டைக்குப் பெண்தான் அரசி என்பார். அரசிக்கு வாசலைத் தாண்ட யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று நான் கேட்டேன். சிரித்துவிட்டு இன்னொரு தேநீர் சொன்னார். எனக்கு அவர் முடிவுகளில் உடன்பாடில்லை. ஆனால் கூலி பற்றி அவர் சொன்னது என்னை இழுத்தது. தோட்டங்கள் எங்கள் பெண்களைக் கேட்டு வாங்கியது அவர்களுடைய விரலுக்காகத்தான். என் அம்மா பதின்மூன்று வயதில் கொழுந்துக் கூடை கட்டியவள். அதை யாரும் ஒரு வாதத்தில் வைத்துப் பேசி நான் கேட்டதில்லை.

மலாயில் அவர் எழுதிய சிறு நூலைத் தமிழில் கொண்டுவர நினைத்தார். அவரே மொழிபெயர்த்துக் கொண்டுவந்த தமிழ் கல்லும் மண்ணுமாக இருந்தது. நான் திருத்தித் தருகிறேன் என்றேன். திருத்தும்போது என் சொந்தச் சரக்காக அந்தக் கூடையை உள்ளே வைத்தேன். அவர் படித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அம்மாவுக்கும் அந்தப் பகுதியை வாசித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கடைசிவரை கேட்டாள்.

"நான் கூடை தூக்குனது கேவலம்னு உங்கிட்ட எப்பயாச்சும் சொன்னேனா?"

இல்லை என்றேன்.

"பின்ன எதுக்கு அந்தாளு புக்குல போய் எழுதுற?"

அம்மாவுக்கு இலக்கியம் புரியாது என்று எண்ணிக்கொண்டேன். நாட்குறிப்பில் இது இல்லை; நினைவில் மட்டும் இருக்கிறது.

நூல் உருளைக்குப் போகுமுன் உஸ்தாஸுக்குத் திரங்கானுப் பக்கம் மாற்றல் வந்துவிட்டது. கையெழுத்துப் படியை என்னிடம் கொடுத்துவிட்டு, ஒரு வரி விடாமல் போட்டுவிடுங்கள் என்று சொல்லிப் போனார். நான்கு தாளை இரண்டாக மடித்தால் பதினாறு பக்கம். நான் கீறிக்கொண்டு போனபோது அது பதினேழாம் பக்கத்தில் ஏழு வரி வழிந்தது. ஏழு வரிக்காக முந்நூறு பிரதிக்கும் இன்னொரு தாள். ஞாயிறு, மழை. எதைக் குறைக்கலாம் என்று திரும்பத் திரும்பப் படித்தேன். பதினோராம் பக்கத்தின் கடைசிப் பத்தி கண்ணில் பட்டது.

அது "ஆனால்" என்று தொடங்கியது. கற்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் சேர்த்து விதிக்கப்பட்ட கடமை. பெண்ணுக்குப் பெண்ணே வைத்தியம் பார்க்க வேண்டும் என்று விரும்பும் சமுதாயம், தன் மகள்களில் சிலரை அதற்குப் படிக்க வைக்காவிட்டால், அந்தப் பாவம் எல்லோர் மேலும் விழும். இவ்வளவுதான். கருத்தில் எனக்கு முழு உடன்பாடு. ஆனால் பத்துப் பக்கம் ஏறி வந்த வேகத்தை அது மட்டுப்படுத்துவதாகப் பட்டது. வாதம் ஒரே மூச்சில் போக வேண்டும் என்பது அந்த வயதில் என் கொள்கை. கீறி முடித்த தாளில் ஒரு பத்தியை எடுக்க அதன்மேல் முழுதும் வார்னிஷ் தடவ வேண்டும். அரைக் குப்பி செலவானது. ஜன்னலைத் திறந்து வைத்து ஊதினேன். மிச்சப் பக்கங்களை மறுபடி கீறி மேலே ஏற்றினேன். பதினாறில் அடங்கியது. கையெழுத்துப் படியைத் திங்கட்கிழமையே உஸ்தாஸின் புதிய முகவரிக்குத் தபாலில் அனுப்பினேன். ஒழுங்கில் நான் கெட்டிக்காரன்.

பிரதிகளை மடித்துத் தைத்தது ஹமீதா. கடையின் துணி மேசைமேல் வைத்து, அடிக்கோலால் ஓரத்தை அழுத்தி, அத்தனையும் ஒரே அளவாக மடித்திருந்தாள். நான் பாராட்டினேன்.

பிறகு நடந்ததைக் கோபமில்லாமல் எழுத முயல்கிறேன். யூசுப் நானா கெட்டவர் அல்ல. பக்கத்தில் புதிதாக ஒரு படக்கேசட் கடை வந்திருந்தது, ஹோட்டலில் சனிக்கிழமை இரவு நடனம் வந்திருந்தது. பெண் பிள்ளையை ஈப்போவுக்கு விடுதியில் விடுவது பற்றி அவருக்குள் ஏற்கெனவே ஒரு பயம் இருந்திருக்க வேண்டும். நூல் அந்தப் பயத்துக்கு நல்ல தமிழ் கொடுத்தது. விரலை வைத்து மூன்று நாள் படித்தார். கடைக்கு வருபவர்களுக்கு வாசித்தும் காட்டினார். கண்ணாடி உறையில் இருந்த கடிதம் கல்லாவுக்குள் போனது. நான் போனபோது முதுகில் தட்டினார்.

"அந்தக் கூடை எடத்துல எனக்குக் கண்ணு கலங்கிருச்சு தம்பி. எம் மவள அப்படி அனுப்ப இருந்தனே."

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அவர் சொன்னதன் முழுப் பொருள் உறைக்க எனக்குச் செவ்வாய்க்கிழமை வரை ஆனது.

செவ்வாய் மாலை தோட்டத்து வண்டிக்காக நான் பேருந்து நிலையத்தில் நின்றேன். ஹமீதா வந்தாள். கையில் அந்த நூல். அடுத்த திங்கட்கிழமை அவள் ஈப்போவில் ஆஜராக வேண்டும்.

"அண்ணே, உஸ்தாஸ் வகுப்புல சொன்னாரே, பொம்பளைக்கு வைத்தியம் பாக்கப் பொம்பள படிச்சே ஆகணும்னு. நான் காதால கேட்டேன். புக்குல எங்க?"

எந்தப் பக்கத்தில் இருந்தது என்று சொன்னேன். ஏன் இல்லை என்றும் சொன்னேன்.

"எடம் பத்தலையா?"

குரலில் கேலி இல்லை. உண்மையிலேயே கேட்டாள். அப்பாவிடம் வந்து சொல்லுங்கள், நீங்கள் சொன்னால் அத்தா கேட்பார் என்றாள். கட்டாயம் சொல்கிறேன் என்றேன். கடை அங்கிருந்து பார்த்தால் தெரியும். நூறு அடி இருக்கும். வண்டி வந்தது, ஏறிவிட்டேன்.

நண்பரே, இங்கேதான் என் குணத்தைச் சொல்ல வேண்டும். நான் தவறு செய்தால் அதை முறைப்படி திருத்துபவன். அச்சில் விட்டதை வாயால் சொல்வது எனக்கு அரைகுறை வேலையாகத் தோன்றியது. பிழைதிருத்தம் என்று தலைப்பிட்டு ஒரு துண்டுத் தாள், பக்க எண்ணோடு, விட்டுப்போன பத்தி முழுவதுமாக, மிஞ்சிய ஒவ்வொரு பிரதியிலும் ஒட்ட வேண்டும். அச்சை நம்புகிறவருக்கு அச்சாகவே கொண்டுபோவோம் என்று நியாயமும் கண்டுபிடித்தேன். நான்கு வாக்கியத்தைச் சொல்ல நேருக்கு நேர் நிற்க வெட்கப்பட்டேன் என்பது அதற்கடியில் இருந்த காரணம். இயந்திரம் ஞாயிறுதான் கிடைக்கும். சனிக்குள் வாசகத்தை நினைவிலிருந்து எழுதி மூன்று முறை திருத்தினேன். ஞாயிறு உருளையில் ஓட்டினேன். திங்கள் சம்பள நாள், ஆபீசை விட்டு நகர முடியவில்லை. செவ்வாய் மாலை ஒட்டுப் பசையும் துண்டுகளுமாகக் கடைக்குப் போனேன்.

நானா துண்டை வாங்கி விரலை வைத்துப் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். இதை உஸ்தாஸ் எழுதினாரா, நீ எழுதினாயா என்று கேட்டார். உஸ்தாஸ்தான், நான்தான் எடுத்தேன் என்றேன். அவர் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். கடை ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நாளு நேத்தோட போச்சே தம்பி."

துண்டை மடித்துக் கல்லாவுக்குள் வைத்தபடி, "இத நீ வாயால வந்து சொல்லிருக்கலாமே" என்றார்.

ஹமீதா உள்ளே துணித் தான்களுக்கு நடுவில் நின்றிருந்தாள். நான் கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது இது.

"நீங்க தமிழ் நல்லா எழுதுறீங்கண்ணே. அத்தா அதனாலதான் நம்புனாரு."

உஸ்தாஸுக்கு நடந்ததை எழுதினேன். ஒரு மாதம் கழித்து வந்த பதிலில் திட்டு எதுவும் இல்லை. அந்தப் பத்தியை எழுதத் துணிவு வருவதற்காகத்தான் மற்றப் பக்கங்களையெல்லாம் எழுதினேன் என்று ஒரு வரி இருந்தது. அது எவ்வளவு உண்மை என்று இன்றும் யோசிக்கிறேன். நல்ல மனிதர். ஆனால் பத்துப் பக்கம் கதவுகளைச் சாத்திக்கொண்டே போய், பதினோராம் பக்கத்தில் ஒரு ஜன்னலைத் திறந்தவர். நான் அந்த ஜன்னலை அடைத்தேன். வாசித்தவர்கள் எல்லோரும் அது இல்லாத வீட்டையே பார்த்தார்கள், இன்னும் பார்க்கிறார்கள்.

எங்கள் பக்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இது வேறு யாரையோ குற்றம் சொல்கிற கதையாகிவிடும். எங்கள் லயத்தில் என்னோடு படித்த பெண்களில் ஆறாம் வகுப்பைத் தாண்டியவர்கள் இருவர். மற்றவர்களைப் படிப்பிலிருந்து நிறுத்த யாரும் மேற்கைத் திட்டவில்லை, நூல் எழுதவில்லை. பெரிய பிள்ளையானதும் தண்ணீர் ஊற்றினார்கள், அடுத்த மாதம் கூடை கட்டினார்கள். யூசுப் நானாவாவது காரணம் தேடினார்.

அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று நானா சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள் கெடாவிலிருந்து அவர் தம்பி ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். நிக்காஹ் ஒரு வியாழக்கிழமை. எனக்கு அழைப்பு வந்தது. பெரிய கிராணிக்கு உடம்பு சரியில்லை என்று காரணம் சொல்லிவிட்டேன்.

கடை இருந்த இடத்தில் இப்போது ஸ்ட்ராபெரி உருவத் தலையணைகள் விற்கிறார்கள். நானா இறந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன, மகன்கள் மலையிறங்கிவிட்டார்கள். சைக்ளோஸ்டைல் இயந்திரத்தை ஆபீஸ் இடம் மாறியபோது இரும்புக்காரன் எடுத்துப் போனான். சரிவுகளில் இப்போது கொழுந்து வெட்டுவது பெரும்பாலும் வங்கதேசத்து ஆண்கள், இயந்திரத்தோடு. எங்கள் பெண்கள் கீழே பட்டணங்களில் எல்லா வேலையும் பார்க்கிறார்கள். முந்நூறு பிரதிகளில் ஒன்றுகூட என்னிடம் இல்லை. ஒட்டாமல் போன துண்டுத் தாள்கள் ஒரு கட்டு இருந்தது. வீடு மாறும்போது அதுவும் போய்விட்டது.

சில மாதங்களுக்கு முன் தானா ராத்தா மருத்துவமனையில் ரத்த அழுத்த மாத்திரைக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்தவர் ஓய்வுபெற்ற மிஸ்ஸி, பக்கத்து ஊரான ரிங்லட்காரர், எனக்குத் தூரத்து உறவு. அந்தக் காலத்தில் ஈப்போவில் பயிற்சி பெற்றவர் என்று பேச்சில் தெரிந்தது. சேர்ந்த கதையைத் தானாகவே சொன்னார்.

"மழையில கீழ எறங்குற தாப்பா ரோடு சரிஞ்சு போச்சு. நான் போய்ச் சேர ஆறு நாள் லேட்டு. அதெல்லாம் எடுத்துக்குவாங்க. காரணம் எழுதிக் குடுத்தா ரெண்டு வாரம் வரைக்கும் பாப்பாங்கன்னு எங்க டிரெய்னிங் சிஸ்டர் சொல்லுவாங்க."

எல்லா ஆண்டும் அப்படியா, எல்லோருக்குமா என்று கேட்டேன். அவருக்கு நிச்சயமில்லை. அவர் சேர்ந்தது எந்த ஆண்டு என்பதையே இரண்டு விதமாகச் சொன்னார். மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, அன்றைய விதி என்னவென்று கேட்டு ஈப்போ பயிற்சிப் பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதினேன். பழைய பதிவேடுகள் எங்கே இருக்கின்றன என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை போலும், பதில் வரவில்லை. இரண்டாவது கடிதமும் எழுதியிருக்கிறேன்.

நான் துண்டுத் தாளோடு கடைக்குப் போன செவ்வாய், திங்களுக்கு அடுத்த நாள். நாள் போய்விட்டது என்று நானா சொன்னார். நானும் அதை அப்படியே நம்பினேன், யாரிடமும் கேட்கவில்லை. அந்த ஆண்டு ஹமீதாவின் நாள் உண்மையில் போய்விட்டதா என்பது இதை எழுதும் இன்று வரை சரிபார்க்கப்படவில்லை.